லாங்கர்ஹான்ஸ் உயிரணு

லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள் என்பவை பாலூட்டிகளின் மேற்தோலில் நிலையாகத் தங்கி வாழும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஆகும். மனித மேற்தோலின் உயிரணுக்களில் இவை ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு ஆகும். இவற்றைத் தோலின் காவலர்கள் என்று கூறுவது வழக்கம். எனினும், இவற்றை உருவாக்கிப் பேணுவதும் அடக்கி வைப்பதும் அத்தோலே ஆகும்.

கண்டுபிடிப்பு

1868ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், மனிதத் தோலைத் தங்கக் குளோரைடால் நிறமேற்றி ஆய்ந்தபோது கிளைகள் பரப்பிய இவ்வுயிரணுக்களைக் கண்டார். வடிவத்தைக் கொண்டு இவற்றை நரம்புயிரணுக்கள் என்றே கருதினார். இவை நோயெதிர்ப்பைச் சார்ந்தவை எனத் தெரிய ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. (கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் வேறு, அவற்றை அவர் 1869இல் விவரித்தார்.)

தோற்றம்

வெள்ளணுக்களுள் பெரும்பாலானவை எலும்பு மச்சையிலிருந்து இடையறாது வந்துகொண்டிருப்பவை. இவை அவ்வாறல்ல. கரு வளரும்போதே மஞ்சட்கருப் பையிலிருந்தும் கருவின் கல்லீரலிலிருந்தும் முன்னோடி உயிரணுக்கள் தோலை அடைகின்றன. பின்னர் அங்கேயே பிரிந்து தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்கின்றன. வேறொருவரின் கை பொருத்தப்பட்டவர்களில், பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்கையின் மேற்தோலில் கொடையாளியின் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களே காணப்பட்டன. தோற்றத்தால் இவை பெருவிழுங்கிகளுக்கு நெருங்கியவை. செயலால் கிளையுயிரணுக்களை ஒத்தவை.

மேற்தோலின் பங்கு

மேற்தோலின் பெரும்பகுதியாக அமைந்த கெரட்டின் உயிரணுக்கள் இன்டர்லியூக்கின்-34 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. இப்புரதம் இல்லாத சுண்டெலிகளின் மேற்தோலில் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள் பெரும்பாலும் இல்லாமற் போவது 2012இல் காட்டப்பட்டது. மூளையின் நுண்பசையணுக்களைப் பேணுவதிலும் இதே புரதத்துக்குப் பங்குண்டு என்பது வியப்புக்குரியது.

இரண்டாவது சமிக்ஞை டிஜிஎஃப்-பீட்டா. இதனைச் செயலற்ற வடிவிலிருந்து செயல்படும் வடிவுக்கு மாற்றுவதில் கெரட்டின் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் உதவுகின்றன. இச்சமிக்ஞை நீங்கினால், நோய்க்கிருமி எதுவும் இல்லாத போதும் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள் முதிர்ச்சியுற்று, தோலை விட்டு நிணநீர் முடிச்சுகளுக்குச் சென்றுவிடுகின்றன. அதாவது, அமைதியாக இருத்தல் இவற்றின் இயல்பு மட்டுமன்று. அது தோலால் தொடர்ந்து விதிக்கப்படும் நிலையும் ஆகும். இவற்றைக் கெரட்டின் உயிரணுக்களுடன் ஒட்டி நிற்கச் செய்வது ஈ-கேடெரின் என்னும் புரதம்.

கிருமி நுழையும்போதோ தோல் சிதையும்போதோ இப்பிடி தளர்கிறது. தாம் பற்றிய அயற்பொருளின் துணுக்குகளுடன் இவை நிணநீர் முடிச்சை அடைந்து, அவற்றை டி உயிரணுக்களுக்குக் காட்டுகின்றன.

இழப்பும் நிரப்பலும்

கடும் புற ஊதாக் கதிர்வீச்சு இவற்றின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கிறது. அவ்வேளையில் மயிர்க்கால்களைச் சூழ்ந்த கெரட்டின் உயிரணுக்கள் வெளியிடும் வேதிச் சமிக்ஞைகளால் ஈர்க்கப்பட்டு, குருதியின் மோனோசைட்டுகள் மேற்தோலுக்குள் நுழைகின்றன. எலும்பு மச்சை மாற்றப்பட்ட சுண்டெலிகளில் 2002இல் இது தெளிவாயிற்று: அழற்சி இல்லாதவரை பழைய லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களே நீடித்தன, புற ஊதாக் கதிர் பட்ட பின் கொடையாளி விலங்கின் மச்சையிலிருந்து வந்தவை அவ்விடத்தை நிரப்பின. மூலம் வேறாயினும், மேற்தோலில் குடியேறிய இவையும் நாளடைவில் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களின் வடிவைப் பெறுகின்றன.