அடுப்படி வேலை ஏன் இன்னும் குறையவில்லை?

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், ஒதியம்பட்டு போன்ற ஊர்களில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு வேளைச் சமையல் முடிந்தாக வேண்டும். காலைக்கு இட்லியோ உப்புமாவோ, மதியத்துக்குப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், பெரியவர்களின் சாப்பாடு. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கும், புதுச்சேரி நகரத்துக் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறவர்களுக்கும் பஸ் காத்திருக்காது. வீட்டில் கேஸ் அடுப்பு, மிக்சி, கிரைண்டர், குக்கர், பிரிட்ஜ் எல்லாம் இருக்கின்றன. பாட்டி காலத்தோடு ஒப்பிட்டால் உடம்பு நோகும் வேலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால், அடுப்படியில் நிற்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. புதிதாக ஒரு கருவி வாங்கினால் சரியாகிவிடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அந்த வேலை ஒரே ஆளின் கையில் இருக்கும்வரை கருவியால் மிச்சமாகும் நேரத்தை இன்னொரு வேலை வந்து தின்றுவிடுகிறது.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகவே காட்டுகிறது. 2019-ல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிட்டார். 2024-ல் அது 289 நிமிடங்கள். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது பத்தே நிமிடம். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்களின் நேரமோ 97 நிமிடங்களிலிருந்து 88 ஆக இறங்கியிருக்கிறது. இதுவும் கைகொடுக்கும் ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. 2019 கணக்கில் அப்படிப்பட்ட ஆண்கள் 26 சதவீதம்தான். பெண்கள் 81 சதவீதம். இந்த முரண் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியிட்ட நூலில், வாஷிங் மெஷினும் கேஸ் அடுப்பும் வந்த பிறகும் அந்நாட்டு இல்லத்தரசிகளின் வேலை நேரம் குறையாததை ஆராய்ந்தார். முன்பு பிறர் செய்த வேலைகளும் தாயின் தலையில் விழுந்தன, சுத்தத்துக்கும் சுவைக்குமான எதிர்பார்ப்பும் ஏறியது என்பது அவர் கண்டது. நம்மூர்ச் சான்று கிரைண்டர். கோயம்புத்தூரில் சபாபதி 1955-ல் மின்சார கிரைண்டரை உருவாக்கும் வரை மாவு ஆட்டுவது ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டும் வேலை. அதனால்தான் பல கிராமத்து வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் விருந்துக்கும் மட்டும் வந்தது. ஆட்டும் பாடு போனதும் இட்லி தினசரி உணவாயிற்று. கூடவே தினம் ஒரு சட்னி, ஒரு சாம்பார். கை நோவு போயிற்று, வேலை போகவில்லை.

இதற்காகக் கருவிகளைப் பழிப்பது நியாயமில்லை. விறகடுப்புப் புகையில் கண் எரிந்து, நெஞ்சு கட்டிப்போன பெண்களுக்கு கேஸ் சிலிண்டர் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ‘வேளைக்கு வேளை புதுசா ஆக்கிப் போடணும்’ என்ற எண்ணம் அதில் பெரும் பங்கைத் தின்கிறது. அதைப் பரம்பரை வழக்கம் என்கிறார்கள். அது உண்மையல்ல. வயல் வேலைக்குப் போன குடும்பங்களில் சாயங்காலம் ஒருவேளைதான் உலை ஏறும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழைய சோறு, தொட்டுக்கொள்ள வெங்காயமோ சுண்டக் குழம்போ. ஒருமுறை சமைத்து இருவேளை உண்பதே உழைக்கும் வீட்டின் முறை. அதைப் பிரிட்ஜின் துணையோடு மீட்டெடுக்கலாம். நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிய மாவு, புளித்த உடனே உள்ளே வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். புதுச்சேரி வெயிலில் வெளியே விட்டால் மறுநாளே கடுத்துவிடும். ஒரே தடவை வேகவைத்த துவரம்பருப்பு இன்று சாம்பார், நாளை ரசம், நாளன்றைக்குக் கூட்டு. புளிக் கரைசலும் துருவிய தேங்காயும் கையெட்டும் இடத்தில் இருந்தால் காலையில் அரை மணி நேரமாவது மிஞ்சும். பிரிட்ஜில் வைத்ததைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்ற அச்சம் பெரியவர்களிடம் உண்டு. அது முழுக்கத் தவறும் அல்ல. வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே விட்டால், வேகும் சூட்டிலும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே கெடுதல் பிரிட்ஜில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்து, எடுக்கும்போது வேண்டியதை மட்டும் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும்.

அடுத்தது, வேலை யார் கையில் இருக்கிறது என்பது. ‘அவர் ஷிப்ட் முடிந்து அலுத்து வருகிறார், எனக்கோ கை வேகம்’ என்று பெண்களே சொல்வதுண்டு. கை வேகம் பழக்கத்தால் வந்தது. பழகினால் அவருக்கும் வரும். அலுப்பைப் பற்றிப் பேசப் புதுச்சேரிக்குத் தனி உரிமை உண்டு. 1936 ஜூலை 30 அன்று, வேலை நேரக் குறைப்பு உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய இவ்வூர் மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 12 பேர் உயிரிழந்தார்கள். உழைப்புக்கு ஒரு நேர எல்லை வேண்டும் என்று இவ்வளவு விலை கொடுத்துக் கேட்ட ஊரில், கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் மட்டும் எல்லையே இல்லாதிருப்பது பெரிய அநியாயம். ‘ஒத்தாசை’ செய்வது இதற்குத் தீர்வாகாது. வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தால், நாளைக்கு என்ன குழம்பு, பருப்பு தீர்ந்துவிட்டதா, சின்னவளுக்கு டிபன் பாக்ஸில் என்ன என்ற யோசனை முழுவதும் அவள் மண்டையிலேயே இருக்கும். ராத்திரிச் சாப்பாடு முழுவதும் இவர் பொறுப்பு, காய் வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை என்று வேலையை முழுசாகக் கைமாற்றினால்தான் சுமை இறங்கும். மாமியார் தலையிலோ பத்தாவது படிக்கும் மகள் தலையிலோ ஏற்றிவிடுவதைப் பகிர்வு என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழி வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கிறது. அதிலும் புதுச்சேரி முன்னோடி. பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே இங்கே பள்ளி மதிய உணவைத் தொடங்கிவிட்டது. தமிழகத்தில் காமராசர் மாநில அளவில் அதைக் கொண்டுவந்தது 1956-ல். அதைப் பிள்ளைகளின் பசி தீர்த்த திட்டமாக மட்டுமே பேசுகிறோம். அது தாய்மார்களின் காலை வேலையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. 2022 செப்டம்பரில் தமிழகம் தொடக்கப் பள்ளிகளில் காலையில் பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும் போடத் தொடங்கியபோது இன்னொரு பங்கும் குறைந்தது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் காலையில் பால் கொடுக்கும் ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில் வந்தது. பால் நல்லதுதான்; ஆனால் அதனால் வீட்டில் இட்லிச் சட்டி இறங்குவதில்லை. சூடான சிற்றுண்டி கிடைத்தால் இறங்கும்.

வீட்டுச் சாப்பாட்டில் இருக்கும் அக்கறை பொதுச் சமையலில் வருமா என்று கேட்பார்கள். புதுச்சேரி நகரில் அரவிந்தர் ஆசிரமத்தின் உணவுக்கூடத்தில் நாள்தோறும் பெருங்கூட்டம் ஒரே சமையலைப் பல பத்தாண்டுகளாக உண்கிறது. ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடம், கூரையில் பதித்த 15 மீட்டர் அகலக் கிண்ணத்தில் வெயிலைப் பிடித்து உண்டாக்கும் நீராவியின் துணையோடு, ஆயிரம் பேர் அளவுக்குச் சமைக்கக் கட்டப்பட்டது. கவனித்துச் சமைத்தால் பெரிய அண்டாவிலும் ருசி இருக்கும். அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நூறு தாய்மாரின் வேலையை எடுத்துச் சில பெண்களின் தலையில், குறைந்த கூலிக்கு, விடியற்காலையில் சுமத்துவதுதானே இது? தமிழகக் கிராமங்களில் காலை உணவைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்கும் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. நூறு அடுப்பில் நூறு சாம்பார் கொதிப்பதற்குப் பதிலாக ஒரு அடுப்பில் ஒன்று கொதித்தால் மொத்த உழைப்பு குறையும் என்பது நிச்சயம். எஞ்சும் உழைப்புக்கு நியாயமான சம்பளமும் நேர வரம்பும் வேண்டும். ஒதியம்பட்டுப் பிள்ளைகளுக்குக் காலையில் சூடான பொங்கல் தர அரசு முடிவெடுத்தால், அதைச் சமைக்க ஐந்து மணிக்கே வந்து நிற்கும் பெண்ணின் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும்.