பரணிலிருந்து இறங்கும் தட்டுகள்

மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் என்றால் நமக்குத் தசரா அம்பாரி நினைவுக்கு வரும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ‘ஸ்ரீவித்யா’ முத்திரை வைத்த கீர்த்தனைகள் நினைவுக்கு வரும். அவர் தீராத இசைத்தட்டுப் பைத்தியம் என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1940களின் கடைசியில் அவரைப் பார்க்க வந்த லண்டன் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக், அரண்மனையில் இருந்த தட்டு நூலகத்தையும் ஒலிபெருக்கிகளையும் பியானோக்களையும் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார். வாங்கி அடுக்குவதோடு நின்றவரில்லை உடையார். பிடித்த இசைக்குத் தட்டு இல்லையென்றால் தட்டையே போடவைத்தார். ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னர் லண்டனில் உடம்பு தளர்ந்து, யாரும் கண்டுகொள்ளாமல் இருந்த காலத்தில், அவருடைய படைப்புகளை எச்.எம்.வி.யில் பதிவு செய்யப் பணம் கொடுத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்குக் காணிக்கையாக்கினார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘கடைசி நான்கு பாடல்கள்’ 1950 மே 22 அன்று லண்டன் ஆல்பர்ட் அரங்கில் முதன்முறையாகப் பாடப்பட்டபோது பணப் பொறுப்பை ஏற்றவரும் இவர்தான். அதன் பதிவு தன் சேகரிப்புக்கு வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1974இல் பெங்களூர் அரண்மனையில் காலமானார்.

ராஜா வீட்டுக் கதை இருக்கட்டும். அதே பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களில், ஒரு தெருவுக்கு ஒரு கிராமபோன் இருந்தாலே பெரிய விஷயம். சாவி கொடுத்துச் சுற்றவிட்டு, நாய் படம் போட்ட தகர டப்பாவிலிருந்து ஒரு எஃகு ஊசியை எடுத்து மாட்ட வேண்டும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். சிக்கனக்காரர்கள் அதே ஊசியைப் பத்துப் பக்கம் ஓட்டுவார்கள், தட்டு அறுபடும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கச்சேரியில் அரைமணி நேரம் பாடுகிற ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிப் பாடக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. அந்தச் சுருக்கம் ஒரு தனிக் கலை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று இரண்டரை மணி நேரக் கச்சேரி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுதாகக் கேட்பவர் எத்தனை பேர்?

அந்தக் காலத் தட்டு அரக்கில் செய்தது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி கட்டும் அரக்கைச் சேகரித்து, கல்பொடியும் கரியும் கலந்து, கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் சூட்டோடு அழுத்தி எடுப்பார்கள். பாடியது மதராஸில், அச்சானது கல்கத்தாவில், கேட்டது பெங்களூரில். கன்னடத் திரைப்பாட்டும் வெகுகாலம் இதே வழியில்தான் வந்தது. இதற்கெல்லாம் முன்பு தட்டு ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து கப்பலேறி வர வேண்டியிருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். எந்தத் தட்டு யாருடையது என்று ஹானோவர்க்காரர்களுக்குத் தெரிவதற்கான ஏற்பாடு அது. அந்தக் கௌஹர் ஜான் 1928இல் மைசூர் அரண்மனைக்குப் பாடகியாக வந்து, 1930இல் மைசூரிலேயே இறந்தார். தட்டுலகின் முதல் இந்திய நட்சத்திரத்தின் கடைசி நாட்கள் நம் பக்கத்து ஊரில் கழிந்தன.

எல்.பி. வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்குள் தட்டு நுழைந்தது என்று சொல்லலாம். வினைல் பிளாஸ்டிக்; நிமிடத்துக்கு 33⅓ சுற்று; ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். சின்ன ஈ.பி. தட்டில் ஒரு படத்தின் நாலு பாட்டு. பெட்டி போல மூடித் தூக்கிக்கொண்டு போகலாம் என்கிற எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயர் எழுபதுகளில் பல வீடுகளில் இருந்தது. அதற்குக் குரோஷா பின்னல் உறை உண்டு. குழந்தைகள் தொடக்கூடாது. எல்.பி. வாங்குவது சம்பள நாளில் யோசித்துச் செய்கிற செலவு. ஆகவே முழுக் குடும்பமும் கூடி முடிவெடுக்கும். 1963இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் அநேகமாக முதலிடம் பிடிக்கும். அடுத்தது சினிமா. பாட்டு மட்டுமில்லை, வசனமும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுகளைக் கேட்டே சிவாஜியை மனப்பாடம் செய்தவர்கள் அல்சூரில் இன்னும் இருக்கிறார்கள். நம் ராமநகரப் பாறைகளில் எடுத்த ‘ஷோலே’யின் வசனத் தட்டு 1975க்குப் பிறகு நாடெங்கும் ஓடியது, தெருவில் ஒவ்வொரு பையனும் கப்பர் சிங்.

வீட்டில் முப்பது தட்டு இருந்தால் அது சேகரிப்பு. அதை அடுக்க வேண்டிய அவசியமே வராது. எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும்.

பிறகு கேசட் வந்தது. கன்னட பாவகீதைகளின் ‘நித்யோத்ஸவ’ 1978இல் கேசட்டாக வெளிவந்து வீடு வீடாகப் போனது. 1987இல் ‘பிரேமலோகா’ கேசட்டை விற்றுப் பெயர் பெற்ற பெங்களூர் லஹரி நிறுவனம், 1991இல் ‘தளபதி’, அடுத்த ஆண்டு ‘ரோஜா’ என்று தமிழிலும் இறங்கியது. இளையராஜாவையும் ரகுமானையும் தமிழ்நாட்டுக்கு விற்றது ஒரு பெங்களூர்க் கம்பெனி என்பதை சென்னை நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். தொண்ணூறுகளின் பாதியில் இந்தியாவில் தட்டு அச்சடிப்பது ஏறக்குறைய நின்றே போனது. ஃபியஸ்டா பரணுக்கு ஏறியது. தட்டுகள் அதற்கு அடியில். அவற்றை அழித்த கேசட்டும் போனது, சி.டி.யும் போனது, பிரிகேட் ரோட்டில் நாங்கள் மணிக்கணக்காக நின்று காதில் ஹெட்போன் மாட்டி ஓசியில் கேட்ட மியூசிக் வேர்ல்டும் போனது.

இப்போது பரண்கள் காலியாகின்றன. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, பெரியவர் காலமாகும்போது, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வாரத்தில் வீட்டை ஒழிக்கும்போது தட்டுகள் தெருவுக்கு வருகின்றன. அவென்யூ ரோடு, பி.வி.கே. ஐயங்கார் ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் பழைய மிக்சிக்கும் தொலைபேசிக்கும் நடுவே அவை படுத்துக் கிடக்கும். படுக்கவைத்தால் வளையும் என்று விற்பவருக்கும் தெரியும், நிற்கவைக்க இடமில்லை. பத்து ஆண்டுக்கு முன்பு எடைக்குக் கொடுத்ததை இப்போது அவர்கள் செல்போனில் விலை பார்த்துத்தான் சொல்கிறார்கள். டம்டத்தில் அறுபதுகளில் அச்சான பீட்டில்ஸ் 78 தட்டு இங்கிலாந்துக்காரர்கள் தேடி அலைகிற பொருள், ஏனென்றால் அங்கே அப்போது 78 நின்றுவிட்டது. எந்தக் கன்டோன்மென்ட் வீட்டுப் பரணில் அது இருக்குமோ என்று ஒரு கூட்டமே கண்வைத்துக் காத்திருக்கிறது.

இன்னொரு பக்கம் புதுத் தட்டு. அமெரிக்காவில் 2022இல் 1987க்குப் பிறகு முதன்முறையாக சி.டி.யைவிட எல்.பி. எண்ணிக்கையில் அதிகம் விற்றது. 2024இல் மும்பைப் பக்கம் மறுபடி ஒரு தொழிற்சாலை தட்டு அச்சடிக்கத் தொடங்கியது. பெங்களூரில் தட்டு கேட்பதற்கென்றே மதுக்கூடங்கள் வந்துவிட்டன. ஐ.டி. சம்பளக்காரர்கள் மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு எல்.பி. வாங்கி, உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைக்கிறார்கள். அவர்கள் காசு, அவர்கள் அலமாரி. ஆனால் ‘சி.டி.யைவிட எல்.பி. துல்லியம்’ என்கிற பேச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சி.டி.யில் 96 டெசிபல் இடைவெளி உண்டு. தட்டில் அந்த அளவு வராது. தட்டின் சுகம் வேறு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். அவ்வளவுதான் ரகசியம்.

மாமனாரின் தட்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவற்றைப் பிரித்து அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் பிரிவு வேகம்: 78, 45, 33. இதில் குழப்பமில்லை. 78இன் பள்ளம் அகலம், எல்.பி. ஊசியை அதில் போட்டால் அடியில் உரசிக் கரகரக்கும், ஆகவே அதற்குத் தனி ஊசி வேண்டும். அடுத்து எண். எச்.எம்.வி. கர்நாடக சங்கீதத் தட்டில் ‘இ.சி.எல்.பி.’ என்று தொடங்கினால் மோனோ, ‘இ.சி.எஸ்.டி.’ என்றால் ஸ்டீரியோ. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்றுவளையத்தில் கீறியிருக்கும் எண்ணை விளக்கடியில் சாய்த்துப் படித்தால், அது எந்த அச்சிலிருந்து வந்தது என்றுகூடத் தேடலாம்.

மூன்றாவது பிரிவு மொழி என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பி.பி. ஸ்ரீனிவாஸை எதில் வைப்பது? தமிழில் ஜெமினி கணேசனுக்குப் பாடியவர்; கன்னடத்தில் ராஜ்குமாரின் குரலாகவே பல ஆண்டு இருந்தவர். எஸ். ஜானகி? ஜி.கே. வெங்கடேஷ் கன்னடப் படங்களுக்கு இசையமைத்தபோது அவருக்கு உதவியாளராக இருந்தவர் இளையராஜா. அந்தத் தட்டு யார் பக்கம்? மைசூர்ச் சகோதரர்கள் ராஜன் – நாகேந்திரா? ஊரில் மொழிக்கு எல்லை போட்டுச் சண்டை நடந்த ஆண்டுகளில்கூட மாமனார் இவற்றை ஒரே பெட்டியில்தான் வைத்திருந்தார். பாடியவர் பெயர்வரிசை என்று கடைசியில் முடிவானது. அப்படி அடுக்கினால் சுசீலா மட்டும் அலமாரியில் ஓர் அடுக்கு முழுக்க இடம் பிடிக்கிறார், தமிழ் கன்னடம் தெலுங்கு எல்லாம் கலந்து.

பிரிக்கப் பிரிக்க இன்னொன்றும் தெரிந்தது. பல தட்டுகளின் லேபிளில் ஏதோ ஒரு சவுண்டு சர்வீஸின் ரப்பர் முத்திரை. கல்யாணத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் குழாய் கட்டிப் பாடவிட்ட மைக் செட்காரர், தொழில் கேசட்டுக்கு மாறியபோது விற்றுத்தீர்த்தது. அவற்றில் ஒரு பக்கம் தேய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது, மறுபக்கம் கன்னங்கரேலென்று புதிது மாதிரி. எந்தப் பாட்டை மக்கள் கேட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி எந்தக் கணக்கிலும் கிடையாது. சேகரிப்பாளர்கள் தட்டுக்குத் தரம் போடுவார்கள்: ‘மின்ட்’ என்றால் ஊசி படாதது, ‘வெரி குட்’ என்றால் சுமார்தான் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுத் தட்டுகள் பெரும்பாலும் தேறாது. என் மனைவிக்கு இன்றும் சில பாட்டை செல்போனில் கேட்டால் சரணத்தில் ஓரிடத்தில் நெருடுகிறது. அவள் வீட்டுத் தட்டில் அங்கே ஊசி குதிக்கும். குதிக்காத பாட்டு அவளுக்குத் தப்பாகப் படுகிறது.

என் கட்சி இதுதான்: அன்று தேயத் தேயக் கேட்டார்கள், இன்று தேயாமல் இருக்க வாங்குகிறார்கள். கேட்காத தட்டுக்கு விலை கூடுகிறது, கேட்ட தட்டு குப்பைக்குப் போகிறது. இது தலைகீழ். இளையராஜாவின் புகழ்பெற்ற ஆல்பங்கள் மறு அச்சாக எப்போது வேண்டுமானாலும் வரும். கோயில் கொட்டகையில் ஓடித் தேய்ந்த நாட்டுப்பாட்டு, யாரோ ஓர் அறியாத நாதஸ்வரக்காரரின் மல்லாரி, நாடகக் காமிக் பாட்டு ஆகியவை திரும்ப அச்சாகப்போவதில்லை. பெங்களூரிலேயே விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக்காப்பகம், 78 தட்டுகளை டிஜிட்டலாக்கி யாரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. இப்படி ஒன்றிரண்டு பேர் செய்கிற வேலை போதாது, பரண் உங்களுடையது.

ஆகவே பழைய இரும்பு பேப்பர்காரர் வாசலில் நிற்கும்போது பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். லேபிளைப் படமெடுத்து வையுங்கள், எண் தெரியும்படி. புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் காகித உறை ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், உறையை மாற்றிவிடுங்கள். வினைலை, லேபிள் நனையாமல், வடிநீரும் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்து பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். 78 தட்டில் மட்டும் ஆல்கஹால் கூடவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும்.