நோன்பு கால வியாபாரம்: ஒரு மாதத்துக்கு வரும் ஊழியரை மூன்று நாளில் பழக்குவது எப்படி?

நோன்பு மாதம் நெருங்கும்போது புறக்கோட்டையிலும் கண்டி, கல்முனை, காத்தான்குடி போன்ற ஊர்களிலும் புடவைக் கடைகளில் தற்காலிக ஊழியர்களைச் சேர்ப்பது வழமை. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருப்பவர்கள், ஊரில் வேலை குறைந்த இளைஞர்கள் என்று பலரும் வருவார்கள். பல வருடங்களாகப் புடவை வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில், இவர்களை நாம் வேலைக்குப் பழக்கும் விதம் பற்றிச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலான கடைகளில் புதிதாக வந்தவருக்குக் கிடைக்கும் பயிற்சி ஒரே வசனம்தான்: "தம்பி, கொஞ்ச நாள் நின்று பாருங்க." நிரந்தர ஊழியருக்கு அது சரி. ஆறு மாதம் நின்று பார்த்து வருடக்கணக்கில் வேலை செய்வார். முப்பது நாளைக்கு வந்தவர் பத்து நாள் நின்று பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நாளுக்கு 2,000 ரூபா வீதம் ஆறு பேருக்குக் கணக்குப் பாருங்கள், பத்து நாளில் 120,000 ரூபா. பிறகு "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய மனமில்லை" என்று குறை சொல்கிறோம். எந்த ராக்கையில் எந்த சைஸ் இருக்கிறது என்று யாரும் சொல்லாத கடையில், மனமுள்ள பிள்ளையும் சும்மாதான் நிற்கும்.

முதலில், முழுக் கடையையும் கற்றுக்கொடுக்க முயலக் கூடாது. ஒருவருக்கு ஒரு வேலை. ஒருவர் சிறுவர் உடுப்புப் பகுதியில் மட்டும் நிற்கட்டும். இன்னொருவர் மேல்மாடி ஸ்டோரிலிருந்து சாமான் இறக்கட்டும். வேறொருவர் பிரித்துக் காட்டிய துணிகளை மடித்து அதே இடத்தில் வைக்கட்டும். மடிக்கும் வேலையைச் சிலர் இளக்காரமாக நினைப்பதுண்டு. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் மேசையில் குவிந்து கிடக்கும் உடுப்புகளுக்குள் கேட்ட சைஸைத் தேட முடியாமல் எத்தனை வாடிக்கையாளர்கள் திரும்பிப் போகிறார்கள் என்பதைப் பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார். துணி வெட்டுவது, பில் போடுவது, விலை பேசுவது ஆகியவை பழையவர்களிடமே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டம் வருவதற்கு முன் அழைக்க வேண்டும். ஷஃபான் மாதக் கடைசியில் மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். "பழகுகிற நாளுக்குச் சம்பளமில்லை" என்பது சில கடைகளில் இன்னும் இருக்கும் கெட்ட பழக்கம். முதல் நாள் ராக்கைகளைக் காட்டி, விலைச் சீட்டு வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். இரண்டாம் நாள் பத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள். "எட்டு வயதுப் பையனுக்கு வெள்ளை ஜுப்பா" என்றால் ஒரு நிமிடத்துக்குள் கையில் வர வேண்டும். மூன்றாம் நாள் நீங்களே வாடிக்கையாளராக நின்று கேள்வி கேளுங்கள்.

கிழக்கிலிருந்து கொழும்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை சிங்களம். பெருநாளுக்கு அடுத்துச் சித்திரைப் புத்தாண்டும் வரும் வருடங்களில் இதைத் தள்ளிவைக்க முடியாது. 2025இல் மார்ச் 31ஆம் திகதி பெருநாள், ஏப்ரல் 14ஆம் திகதி புத்தாண்டு. இரண்டு கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாகவே கடைக்கு வந்தன. கீயத, பாட்ட, லொக்கு, பொடி, அடு கரன்ன பே என்று இருபது சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பயமில்லாமல் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இனி, பலரும் கவனிக்காத விடயம். புதியவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? "யாரிடமாவது கேளுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய விற்பனையாளர்கள் பலர் கொமிஷனுக்கு நிற்பவர்கள். வருடத்தில் அவர்களது நல்ல உழைப்பே அந்த ஒரு மாதம்தான். அந்த நேரத்தில் ஒரு பையனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றால் அவருக்கு நஷ்டம். அதோடு, தான் பழக்கிய பையன் தன்னுடைய வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்வானோ என்ற பயமும் இருக்கும். முதலாளிமார் இதைப் பொறாமை என்கிறார்கள். எனக்கு அது வெறும் கணக்காகவே தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு புதியவரையும் ஒரு நானாவிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்தப் பையன் உதவிய விற்பனையை நானாவின் கொமிஷனில் சேருங்கள், அல்லது பழக்குவதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுங்கள். சொல்லிக் கொடுப்பதில் இலாபம் இருந்தால் நானா தானாகவே சொல்லிக் கொடுப்பார்.

சம்பளம், வேலை நேரம், விடுமுறை நாள், தங்குமிடம், இஃப்தார் ஏற்பாடு, தராவீஹுக்கு யார் எப்போது போவது, இவற்றை முதல் மணித்தியாலத்திலேயே சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும். இது தெரியாதவரின் கவனம் வேலையில் இருக்காது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. தற்காலிக ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் தனி. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 16. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டே சேருங்கள்.

தவறு நடந்தால் என்ன என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். விலைச் சீட்டு மாறிவிட்டால், உடுப்பில் கறை பட்டால், உடனே வந்து சொல்பவரை ஏசக் கூடாது. எல்லோர் முன்னாலும் ஒரு தடவை ஏச்சு வாங்கிய பையன் அடுத்த தடவை கறைபட்ட சேர்ட்டை ராக்கைக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். பெருநாள் முடிந்து ஸ்டொக் எடுக்கும்போதுதான் அது வெளியே வரும்.

பெருநாளைக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் இடம் பிடிக்கும் அவசரத்தில் அவர்கள் இருப்பார்கள். பாக்கியை "பிறகு வாங்க தம்பி" என்று இழுக்காமல், கணக்கை முந்தின நாளே முடித்து வையுங்கள். நன்றாக வேலை செய்தவரின் தொலைபேசி இலக்கத்தையும் அவர் நின்ற பகுதியையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அவரை ரஜப் மாதத்திலேயே அழைத்துப் பேசுங்கள். இரண்டாவது தடவை வருபவருக்கு மூன்று நாள் பயிற்சி தேவைப்படாது. மாறிய ராக்கைகளை மட்டும் காட்டினால் போதும்.