பாட்டிக்கு மலாய்ப் பாடம்

பாளையங்கோட்டையில் என் கணவரை 'ஐயர்' என்றும் என்னை 'ஐயரம்மா' என்றும் கூப்பிடுவார்கள். ஈப்போவில் அவர் பாஸ்டர், நான் பாஸ்டரம்மா. வந்து ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் இன்னும், "மிஷனரியாப் போயிருக்கீங்களே, காட்டுக்குள்ளயா இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு எதிரே காபிக் கடை, இரண்டு தெரு தள்ளி சூப்பர் மார்க்கெட். காடு பார்க்க ஆசைப்பட்டால் கொஞ்சம் நிமிர்ந்தால் போதும். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கின்றன.

கூப்பிடு தூரத்தில் புந்தோங். மலேசியாவில் 'கச்சான் பூத்தே' என்றால் இந்த இடத்தைத்தான் சொல்வார்கள். கடலை, முறுக்கு, வறுத்த பயறு வகைகளை மொத்தமாகச் சேர்த்து அப்படி அழைக்கிறார்கள். அவற்றைச் செய்து விற்கும் குடும்பங்களில் பல எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவை. முதல் வாரம் நான் கடையில் வாயைத் திறந்ததுமே ஒரு பெரியவர், "அம்மாவுக்குத் தின்னவேலியா?" என்றார். அன்றைக்கு முறுக்குக்குக் காசு வாங்கவில்லை.

தமிழ் ஒன்றுதான். ஆனால் சொற்கள் வேறு. காலை உணவு இங்கே 'பசியாறல்'. 'தோட்டம்' என்றால் பூந்தோட்டம் இல்லை, ரப்பர் எஸ்டேட். ரப்பருக்கு 'கித்தா' என்று பெயர். விடியுமுன் ஆள் கணக்கு எடுக்கும் இடம் 'பெரட்டு'. இந்தச் சொற்களைப் படித்ததுதான் எங்கள் முதல் ஆண்டுப் பயிற்சி என்று சொல்லலாம்.

ஈப்போவுக்கு மிஷனரிகள் புதியவர்கள் அல்லர். 1895-ல் வில்லியம் ஹார்லி என்ற மெதடிஸ்ட் மிஷனரி சில பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய ஆங்கிலோ சைனீஸ் பள்ளி இன்று நகரின் பெரிய அடையாளங்களில் ஒன்று. அவர் காலத்து வேலை பள்ளி கட்டுவது. எங்கள் காலத்து வேலை பாரம் நிரப்புவது!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை, வீட்டு ஜெபம், நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் உண்டு. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த மலேசிய அரசியல் சட்டத்தின் 11(4) பிரிவு இடம் தருகிறது. அந்த எல்லையைத் தெரிந்துதான் இங்கே ஊழியம் செய்ய முடியும். எங்கள் நாள் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்களோடு கழிகிறது. மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிற வீட்டிலும் எங்களுக்குத் தேநீர் உண்டு. தேநீர் முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் பை வரும். பைக்குள் காகிதங்கள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க பாஸ்டரம்மா."

காகிதம் இந்த நாட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தோட்டத்துக்குப் போனால்தான் புரியும். நீல அடையாள அட்டை வைத்திருப்பவர் குடிமகன். சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. சிலரிடம் எதுவுமே இல்லை. பிள்ளை பிறந்தது லயத்து வீட்டில், பிரசவம் பார்த்தது பக்கத்து வீட்டுக் கிழவி. மறுநாள் பால் வெட்டப் போக வேண்டும். பதிவு செய்ய டவுனுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு.

திருமணமும் அப்படித்தான். 1982 மார்ச் 1 முதல் இங்கே முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்து அமையும். தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால், தகப்பன் நீல அட்டைக்காரனாக இருந்தும் பயனில்லை. அதனால் கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிற யாரிடமும் என் கணவர் முதலில் கேட்பது, "பதிஞ்சாச்சா?" வாலிபர்கள் இதை வைத்து அவரைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டம். பால் மரங்கள் போய் நெடுகச் செம்பனை நிற்கிறது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கட்டும் என்று, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கை எட்டவில்லை. இந்தத் தோட்டத்தில் மிச்சம் ஒரு கோயில், ஒரு கிணறு, சில வீடுகள்.

அதில் ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். பிறந்தது இதே தோட்டத்தில், மெர்டேக்காவுக்கு முன்னால். மெர்டேக்கா என்றால் 1957 சுதந்திரம். அன்று முதல் இங்கே பிறந்தவர்கள் பலருக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பாட்டிக்கு அதைச் சொல்ல ஆளில்லை. சிவப்பு அட்டையோடு வாழ்க்கை போய்விட்டது. இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமை 1948 சட்டத்தால் பறிபோன கதை நமக்குத் தெரியும். இங்கே யாரும் பறிக்கவில்லை. கேட்காததால் கிடைக்கவில்லை. எனக்கு இதுதான் கூடுதலாக வலிக்கிறது.

விண்ணப்பித்தால் நேர்காணல் உண்டு. ஓரளவு மலாய் பேசத் தெரிய வேண்டும். ஆகவே வியாழக்கிழமை தோறும் நான் பாட்டிக்கு மலாய்ப் பாடம் எடுக்கிறேன். நானே ஐந்து வருட மலாய். மீன்காரனிடம் பேரம் பேசும்போது பாட்டிக்குத் தடதடவென்று வரும் மலாய், நான் அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்ததும் தொண்டைக்குள் போய்விடுகிறது.

"லாஹிர் டி மானா?" என்று கேட்பேன். எங்கே பிறந்தீர்கள்?

"இங்கதான் தாயி. அந்தா, அந்தக் கெணத்துக்கு அந்தாண்ட லயம் இருந்துச்சு."

"மலாயில, பாட்டி."

"அவங்க வந்து பாத்தா தெரியாதா?"

ஒருமுறை பாட்டியைக் கோலகங்சாருக்குக் காரில் அழைத்துப் போனோம். மாவட்ட அலுவலகத்தின் அருகே வயதான ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. இந்த நாட்டுக்கு முதன்முதலில் வந்த கன்றுகளில் ஒன்று, 1877-ல் நட்டது என்று என் கணவர் விளக்கினார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய பாட்டி மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்துக்கு வருசம் எழுதி வச்சிருக்காங்க, பாத்தீங்களா" என்றார். காரில் திரும்பும்போது நாங்கள் அதிகம் பேசவில்லை.

எங்கள் கதையும் காகிதம்தான். ஆண்டுதோறும் பாஸ் புதுப்பிக்க வேண்டும். என் பாஸில் சம்பள வேலைக்கு அனுமதி கிடையாது. புதுப்பிக்கும் மாதம் வந்தால் புதிதாக ஒரு மிக்சி வாங்கக்கூட யோசிப்போம். ஆனாலும் எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருக்கிறது, கடவுச்சீட்டில் அதன் பெயர் இருக்கிறது.

பாட்டியின் நேர்காணல் போன மாதம் முடிந்தது. அந்த அதிகாரி ஓர் இளம் மலாய்ப் பெண். பாட்டியை 'நேனெக்' என்று கூப்பிட்டு, பக்கத்திலேயே உட்கார வைத்துப் பேசினாராம். நேனெக் என்றால் பாட்டி. எங்கே பிறந்தீர்கள் என்ற கேள்வியும் வந்ததாம். "மலாயிலதான் சொன்னேன்" என்றார் பாட்டி, கொஞ்சம் பெருமையாகவே.

பதில் கடிதம் இன்னும் வரவில்லை. எங்கள் பாஸ் நவம்பரில் முடிகிறது. போன வியாழன் பாட்டி எனக்கு ஒரு சட்டி நிறைய நெத்திலிச் சம்பல் கொடுத்தனுப்பிவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு இந்த வருசமும் குடுத்துருவாங்கல்ல, தாயி?"