பரிசுப் பறப்புக்கான மைல் கணக்கு

அடிக்கடி பறப்போர் திட்டங்களில் சேர்த்த மைல்களைக் கொடுத்துப் பெறும் பயணச்சீட்டு பரிசுப் பயணச்சீட்டு எனப்படுகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று தொடங்கிய ஏஅட்வான்டேஜ் இத்திட்டங்களின் முன்னோடிகளுள் ஒன்றாகும். இங்கு மைல் என்பது தொலைவின் அலகு அன்று. வானூர்தி நிறுவனம் வழங்கும் புள்ளியே ஆகும். எனவே 1000 மைல் தொலைவுப் பயணத்துக்கு 1000 மைல்கள் போதும் எனக் கொள்ளுதல் தவறு.

கணக்கிடும் முறைகள்

* வலய முறை: புறப்படும் வலயம், சேரும் வலயம், இருக்கை வகுப்பு ஆகியவற்றைக் கொண்டு மைல்களின் அளவு பட்டியலில் குறிக்கப்படும்.
* தொலைவு முறை: பறக்கும் தொலைவு கூடுந்தோறும் அளவு படிப்படியாக உயரும்.
* மாறும் விலை முறை: பணச்சீட்டின் விலை, பயணிகளின் தேவை ஆகியவற்றுக்கேற்ப அளவு மாறும். டெல்ட்டா 2015 இலும் யுனைட்டட் 2019 இலும் தம் பறப்புகளுக்கான பட்டியல்களை விலக்கிக்கொண்டன.

பட்டியல் உள்ள திட்டங்களிலும் குறைந்த அளவுக்குக் கிடைக்கும் இருக்கைகள் சிலவே. வரி, மேற்கட்டணம் ஆகியன பொதுவாகப் பணமாகச் செலுத்தப்படவேண்டும்.

மைலின் மதிப்பு

பணச்சீட்டின் விலையிலிருந்து, பரிசுச் சீட்டுக்குச் செலுத்தும் வரியைக் கழித்து, மீதியை மைல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 24,000 ரூபாய்ச் சீட்டுக்கு 20,000 மைல்களும் 4,000 ரூபாய் வரியும் கேட்கப்பட்டால் ஒரு மைலின் மதிப்பு 1 ரூபாய். அதே சீட்டுக்கு 40,000 மைல்கள் கேட்கப்பட்டால் அது 50 காசாகக் குறையும். அளவை மாற்றும் உரிமையைத் திட்ட விதிகள் பெரும்பாலும் நிறுவனத்துக்கே அளிக்கின்றன. ஆதலால் சேர்த்து வைத்த மைல்கள் வங்கிச் சேமிப்பைப் போல் வட்டி ஈட்டுவதில்லை. காலப்போக்கில் மதிப்பிழக்கக் கூடும்.