ஒன்பது நிறுத்தம், பத்து நிமிடம்

ரோச்சோர் நிலையத்தில் ரயில் ஏறி ஜாலான் புசாரில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? டௌன்டவுன் பாதை பூகிஸ், பேஃபிரண்ட், சைனாடவுன் என்று நகரையே ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்பதாவது நிறுத்தமாக உங்களை ஜாலான் புசாரில் இறக்கிவிடும். அதே தூரத்தைச் சாலையில் நடந்து கடக்கப் பத்து நிமிடம் போதும்.

ஜாலான் புசார் நிலையம் 2017 அக்டோபரில் திறந்தது. அதன்பிறகு அந்த ஒன்பது நிறுத்தத்தையும் உட்கார்ந்தே கடந்த நாள்கள் எனக்கு நிறைய உண்டு. வெயில், பை கனம், பதில் அனுப்ப வேண்டிய குறுஞ்செய்திகள் என்று தினம் ஒரு காரணம் கிடைக்கும். குளிர்சாதனம் இருக்கிறது, உட்கார இடமும் இருக்கிறது. பிறகு எதற்கு நடக்க வேண்டும்?

அதற்கான பதில் ஒரு ரத்தப் பரிசோதனையில் கிடைத்தது. சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நின்றது. எனக்கு வயது 36. “ஞாயிறுதோறும் ஓடுகிறேனே, டாக்டர்!” என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்றுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நேரலை நிகழ்ச்சி 4 மணி நேரம். தயாரிப்பும் ஒலித்தொகுப்பும் இன்னொரு 4. பயணம் ஒன்றரை. இரவு உணவும் தொலைக்காட்சியும் இரண்டு. மொத்தம் பதினொன்றரை மணி நேரம்! வானொலியில் பேசுபவள் வாய்க்குத்தான் வேலை கொடுக்கிறாள், காலுக்கு இல்லை.

ஓட்டுநரும் நடத்துநரும்

என் அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஓய்வுபெற்ற மறுவருடமே இதய அறுவை சிகிச்சை. “புகை இல்லை, குடி இல்லை, எனக்கு ஏன்?” என்று மருத்துவமனைக் கட்டிலில் அவர் கேட்டது இன்னும் மறக்கவில்லை. காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வேலையைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

1953ல் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரி மாரிசும் அவரது குழுவினரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அதை வெளியிட்டனர். லண்டன் இரட்டைமாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே சாலை. ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழுவதில்லை. நடத்துநரோ சீட்டுக் கொடுக்க நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 750 படிகள் ஏறினார். மாரடைப்பு அதிகம் வந்தது ஓட்டுநர்களுக்கு.

‘இருந்து தின்றால் குன்றும் மாளும்’ என்பார்கள். சொத்துக்குச் சொன்னது உடம்புக்கும் பொருந்தும். உடலின் பெரிய தசைகள் காலிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை இயங்கும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த அடுப்பு அணைந்து கிடக்கிறது. சோறும் பரோட்டாவும் தந்த சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றுகிறது.

நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூர் இந்தியர்களில் 10 பேரில் 6 பேருக்கு நீரிழிவு என்று 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். எங்கள் வீட்டு விருந்துகளில் இனிப்புத் தட்டைக் கையால் மறைத்து ‘வேண்டாம்’ என்பவர்களை எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஓடினால் போதாதா?

தினமும் ஓடினால் ஈடுகட்டலாம். ஒரு மில்லியனுக்கும் அதிகமானோரின் விவரங்களை அலசி 2016ல் ‘லான்செட்’டில் வந்த ஆய்வு, நாளுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உடற்பயிற்சி, நீண்டநேரம் உட்காருவதால் கூடும் மரண அபாயத்தைப் போக்கக்கூடும் என்றது. என் ஞாயிறு ஓட்டமோ வாரத்துக்கே 40 நிமிடம்!

அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2012ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், உடல் எடை கூடியவர்கள் சத்துப்பானம் குடித்துவிட்டு 5 மணி நேரம் உட்கார்ந்தார்கள். இன்னொரு நாள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்தார்கள். நடந்த நாளில் ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் உடற்பயிற்சி என்ற பழைய விதியையும் உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் கைவிட்டது. இப்போது ஒவ்வோர் அசைவும் கணக்கில் சேரும்.

பாட்டு வந்தால் எழு

எனக்குத் தொழிலே ஒரு கடிகாரம் தந்திருக்கிறது. பாட்டு ஒலிக்கத் தொடங்கினால் எழுந்துவிடுவேன். நாலரை நிமிடப் பாட்டுக்கு ஒலிபரப்புக் கூடத்துக்குள் மூன்று சுற்று நடக்கலாம். தொலைபேசியில் பேசுவது நின்றுகொண்டுதான். தண்ணீருக்குச் சின்ன தம்ளர். அடிக்கடி நிரப்பப் போயாக வேண்டும். வீட்டுக்கு இரண்டு மாடி முன்பே மின்தூக்கியைவிட்டு இறங்கிப் படியேறுகிறேன்.

நேயர்களிடமும் சொன்னேன்: “இந்தப் பாட்டு முடியும்வரை எழுந்து நில்லுங்கள்.” உடனே ஒரு டாக்சி ஓட்டுநர் அழைத்தார். “நான் எங்கம்மா எழுந்து நிற்கிறது? பின்னால ஆள் உட்கார்ந்திருக்கு!”

சிரித்தேன், ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். ஓட்டுநர், காசாளர், காவலாளி எல்லாரும் நினைத்த நேரத்தில் எழ முடியாது. பயணியை இறக்கியபின் வண்டியைச் சுற்றி ஒரு நடை, சாப்பாட்டுக்குப் பிறகு காப்பிக்கடையிலிருந்து கொஞ்சம் நடை என்று இடைவெளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதலாளிகளும் அந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பல் என்று எழுதாமல் இருக்க வேண்டும்.

இப்போது ஞாயிறு காலையில் அப்பாவும் நானும் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு ஜாலான் புசாருக்கு நடந்தே திரும்புகிறோம். அவர் மெதுவாகத்தான் நடப்பார். வழியில் இரண்டு இடத்தில் நிற்போம். என் சர்க்கரை அளவு இன்னும் எல்லைக்கோட்டருகில்தான் இருக்கிறது, ஆனால் கடந்த முறையைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. “ரயில்ல போனா இந்நேரம் எங்கம்மா இருப்போம்?” என்று போன வாரம் கேட்டார்.

“சைனாடவுன் வந்திருக்கும்ப்பா,” என்றேன். அதற்குள் எங்கள் புளோக் தெரிந்தது.