வான் சூடேறினால்: ரேடியேட்டர் விசிறிக்கு ஒரு கைச் சுவிட்ச்



நமது தோட்டங்களில் இப்போது லயத்துக்கு ஒரு வாகனமாவது நிற்கிறது. அநேகமாக அது பழைய வான் அல்லது சின்னக் கார். அம்மா முப்பது வருசம் கொழுந்து பறித்துச் சேர்த்த ஈ.பி.எப்., ஈ.டி.எப். பணத்தைப் போட்டு மகன் வாங்கியதாக இருக்கும். இரவு நேரம் பிரசவ வலி வந்தாலும், நெஞ்சுவலி வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அந்த வான்தான். ஒரு நாள் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறி ஹெட் வளைந்து போனால், அந்த முப்பது வருச உழைப்பும் புகையோடு போய்விடும். ஆகவே இந்த இதழில் ரேடியேட்டர் விசிறியைப் பற்றி எழுதுகிறோம்.

இதை நாம் ஒலுவிலில்தான் படித்துக்கொண்டோம். தோட்டத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, கடல் பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல் காட்டலாம் என்று பசறை, மொணராகலை, சியம்பலாண்டுவ வழியாக அக்கரைப்பற்று போய், அங்கிருந்து ஒலுவில் துறைமுகம் பார்க்கப் போனோம். வழியெல்லாம் வான் நன்றாகவே ஓடியது. துறைமுகத்துக்குக் கிட்டப் போய், வெயிலில் என்ஜினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றோம். சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. நம்ம தம்பி இறங்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். ஐஸ் பெட்டி ஏற்றிய வானோடு பக்கத்தில் நின்ற ஒரு காக்கா ஓடி வந்து, “மூடியத் தொட்ராத மனே, கொஞ்சம் பொறு” என்று தடுத்தார். அந்தத் தம்பியின் முகம் அன்றைக்குத் தப்பியது.

ஓடும்போது வராத சூடு நிற்கும்போது ஏன் வந்தது? வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போதும், ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போதும் காற்று போதாது. அப்போது மின்விசிறி சுழல வேண்டும். தண்ணீர் சுமார் 90 முதல் 95 பாகை செல்சியஸ் வரை சூடானதும், ரேடியேட்டரில் பொருத்திய வெப்பச் சுவிட்ச் தானாக மூடி விசிறியை ஓட விடும். சூடு தணிந்ததும் நிறுத்தும். எங்கள் வானில் அந்தச் சுவிட்சின் பிளக் பச்சையாகப் பாசம் பிடித்துக் கிடந்தது. கடல் உப்புக்காற்றில் இது சீக்கிரம் நடக்கும். மலைநாட்டு மழையிலும் பனியிலும் மெதுவாக நடக்கும்.

என்ஜின் ஆறியபின் காக்கா ஒரு சோதனை செய்து காட்டினார். என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ‘ஒன்’ பண்ணி, வெப்பச் சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தார். ஒற்றை வயர் உள்ள வானாக இருந்தால் அந்த வயரை பொடியில் தொட வேண்டும். விசிறி சுழன்றது. அப்படிச் சுழன்றால் விசிறியும் பியூசும் நல்லது, கோளாறு சுவிட்சிலோ பிளக்கிலோதான். சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, விசிறி மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கம்பியூட்டர் உள்ள புதிய வாகனங்களில் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே இருப்பது சுவிட்ச் அல்ல, சென்சர். அதைச் சேர்த்தால் கம்பியூட்டர் குழம்பும்.

இனி, கைச் சுவிட்ச் பொருத்தும் முறை. விசிறி 12 வோல்ட்டில் 10 அம்பியர் அளவில் மின்சாரம் இழுக்கும். சாதாரணச் சுவிட்சில் நேரே கொடுத்தால் சுவிட்ச் உருகும், தீயும் பிடிக்கலாம். ஆகவே 30 அம்பியர் ரிலே ஒன்று அவசியம். அதன் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும்.

1. முதலில் பெற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். விசிறிக்கு வரும் பழைய வயர்களைப் பிரித்து, முனைகளை டேப் சுற்றிப் பாதுகாப்பாகக் கட்டுங்கள்.
2. பெற்றரி பிளஸ்ஸில் இருந்து, அதற்குக் கிட்டவே 20 அம்பியர் பியூஸ் வைத்து, ரிலேயின் 30க்கு வயர் கொண்டு வாருங்கள். 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த வயர் கூடாது.
3. 87இல் இருந்து விசிறியின் பிளஸ்ஸுக்கு. விசிறியின் மைனஸை அதே பருமனான வயரால் பொடியில் இறுக்குங்கள்.
4. 86க்கு, சாவி ‘ஒன்’ ஆனால் மட்டும் மின்சாரம் வரும் வயர், சின்னப் பியூஸ் வழியாக.
5. 85இல் இருந்து இரண்டு வழி: ஒன்று வெப்பச் சுவிட்ச் வழியாகப் பொடிக்கு, மற்றது சாரதிக்கு முன்னால் வைக்கும் கைச் சுவிட்ச் வழியாகப் பொடிக்கு.

ஐந்தாவதுதான் முக்கியம். இரண்டு சுவிட்சில் எது மூடினாலும் விசிறி ஓடும். சாரதி மறந்தாலும் வெப்பச் சுவிட்ச் காப்பாற்றும், அது பழுதானால் சாரதி காப்பாற்றலாம். தானியங்கியை வெட்டிவிட்டுக் கைச் சுவிட்சை மட்டும் நம்புவது தவறு. 87இல் இருந்து ஒரு சிறு பல்ப் பொருத்தினால் விசிறிக்கு மின்சாரம் போவது தெரியும். தகட்டுத் துவாரத்தில் வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். கடைசியாக ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கடதாசியைப் பிடியுங்கள். விசிறி பின்பக்கம் இருந்தால் கடதாசி ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளினால் விசிறியின் வயர் இரண்டும் மாறியிருக்கிறது. வயர் வேலை பழகாதவர்கள் ஓட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். இந்தப் பக்கத்தைக் காட்டினாலே அவருக்கு விளங்கும்.

ஆனால் விசிறி எல்லா நோய்க்கும் மருந்தல்ல. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மணல் அடைத்துப் படகுகள் போகமுடியாமல் மீனவர்கள் பட்ட பாடு பலரும் அறிந்தது. வாய் அடைத்தால் துறைமுகம் எவ்வளவு பெரிதாக இருந்தும் என்ன பயன்? அதுபோல, ரேடியேட்டர் குழாய்கள் துருவால் அடைத்திருந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ, பம்ப் பெல்ட் அறுந்தாலோ விசிறி சும்மா சுழலும். விசிறி ஓடியும் முள் ஏறினால் உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 பாகையிலும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணம் பொங்கிப் பாயும். நுவரெலியா உயரத்தில் திறந்த தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், ஆகவே மூடியின் ரப்பர் பழுதானால் நமக்குத்தான் ஆபத்து கூட. குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, தடித்த துணி போட்டு, மெதுவாகத் திருகுங்கள். சுட்டுவிட்டால் பற்பசை, கோப்பித்தூள் பூச வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வான் ஓட்டும் தம்பிமாரே, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் பாருங்கள், வாரம் ஒரு தரம் கைச் சுவிட்சைப் போட்டு விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். ரெண்டு நிமிச வேலை. அம்மாவின் முப்பது வருசம் அதில் இருக்கிறது.